ஜி1 ஆட்டங்களுக்கு மதிப்பெண் போடுகையில் நீளம் நம் கண்ணை மறைக்கிறதா?

குலசேகரத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். குலசேகரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் ரப்பர் மரங்களை வைத்து, நானே பால்வெட்டிப் பிழைக்கிறவன் நான். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால், பாலெடுத்து, டிரேயில் ஊற்றி உறையவைத்து, முந்தைய நாள் உறைந்ததை மெஷினில் கொடுத்து ஷீட்டாக்கிக் காயப்போடுவதற்குள் நண்பகலாகிவிடும். ஜப்பானின் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், அங்கே மாலை ஆறரைக்குத் தொடங்கும் நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங் என்ற தொழில்முறை மல்யுத்த நிறுவனத்தின் நிகழ்ச்சி எனக்குச் சரியாகப் பிற்பகல் மூன்று மணிக்கு வந்து சேர்கிறது. உண்ட மயக்கத்தை விரட்ட இதைவிட நல்ல வழியை நான் இன்னும் காணவில்லை.

பார்த்த ஆட்டங்களுக்கெல்லாம், ஷீட் எடையைக் குறிக்கும் நீள நோட்டின் கடைசிப் பக்கங்களில், ஐந்து நட்சத்திரக் கணக்கில் கால் கால் நட்சத்திரமாக மதிப்பெண் எழுதி வருகிறேன். சிறு வயதில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். சீட்டு விளையாடியவர்களுக்கு இந்த நோய் எங்கிருந்து தொற்றியது என்று சொல்லத் தேவையில்லை. உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று அச்சடித்த எண்ணைச் சொல்லி அடுத்தவனுடைய சீட்டைப் பறித்த கைதானே இது.

சென்ற வாரம் மழை விடாமல் பெய்ததால் நான்கு நாள் வெட்டு இல்லை. சும்மா இருந்த நேரத்தில் நோட்டைப் புரட்டியபோதுதான் என் குட்டு எனக்கே வெளிப்பட்டது. முப்பது நிமிடத்தைத் தாண்டிய ஆட்டம் எதற்கும் நான் நாலரைக்குக் கீழே கொடுத்ததில்லை. பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்த ஆட்டம் எதுவும் மூன்றே முக்காலைத் தாண்டவில்லை. ஆட்டத்தைப் பார்த்துத்தான் எண் போட்டேனா, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டேனா என்று எனக்கே ஐயமாகிவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். கசுச்சிகா ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் 2017இல் மூன்று முறை ஒற்றைக்கு ஒற்றையாக மோதினார்கள். ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் 46 நிமிடம் 45 வினாடி நடந்து ஒகாடா வென்றார். ஜூன் 11 அன்று ஒசாகாவில் 60 நிமிடமும் தீர்ந்து வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஆகஸ்ட் 12 அன்று, ஆண்டுதோறும் புள்ளிக் கணக்கில் நடக்கும் ஜி1 கிளைமாக்ஸ் தொடரில் 24 நிமிடம் 40 வினாடியில் ஒமேகா வென்றார். என் நோட்டில் முதல் இரண்டுக்கும் ஐந்து, மூன்றாவதற்கு நாலரை. கருங்கலில் இருக்கும் என் சித்தப்பா மகனுடைய கணக்கிலோ அது அப்படியே தலைகீழாக இருக்கிறது: நாலே முக்கால், நாலே கால், ஐந்து. ஒரே ஆட்டங்களை, ஒரே திண்ணையில், ஒரே போனில் பார்த்த இருவருக்குள் இவ்வளவு வேறுபாடு எப்படி வரும்?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அதே ஆண்டு ஏப்ரல் 9 அன்று ஒகாடாவுடன் கட்சுயோரி ஷிபாடா மோதிய ஆட்டத்துக்கு நான் ஐந்து போட்டு, பிறகு அடித்து, மறுபடியும் ஐந்து போட்டு, அந்த இடத்தில் இப்போது தாள் கிழிந்தே போய்விட்டது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. நீங்கள் எப்படி மதிப்பிடுகிறீர்கள் என்பதை விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


கோட்டைவாசல் (மறுமொழி)

தம்பி, நீங்கள் ரப்பர்க்காரர் என்பதால் உங்கள் தொழிலைக் கொண்டே சொல்கிறேன். பத்மநாபபுரத்தில் எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் நூறு மரம் இருந்தது. பால் வாங்குகிறவன் வாளியின் அளவைப் பார்த்துப் பணம் தருவதில்லை. மெட்ரோலாக்கை உள்ளே மிதக்கவிட்டு, அந்தப் பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்க்கிறான். நல்ல பாலிலேயே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று முன்பின்னாகத்தான் ரப்பர். மழை நீர் இறங்கிய சிரட்டையில் அதுவும் குறைவு. நீங்கள் இத்தனை நாளும் ஆட்டத்தை வாளிக் கணக்கில் அளந்திருக்கிறீர்கள்.

நீளமான ஆட்டத்துக்கு மதிப்பு கூடுவதற்கு ஒரு நியாயமும் உண்டு என்பதை மறுக்கவில்லை. நியூ ஜப்பானில் பட்டத்துக்கான ஆட்டத்தின் நேர வரம்பு 60 நிமிடம். ரிங்குக்கு வெளியே விழுந்தவருக்கு நடுவர் இருபது வரை எண்ணுகிறார், அமெரிக்காவில் வழக்கமான பத்து அல்ல. ஆகவே அங்கே ஓர் ஆட்டம் மெல்லக் கொதித்து எழுவதற்கு இடம் இருக்கிறது. முதல் பத்து நிமிடம் இருவரும் கையைப் பிடித்து முறுக்குவதும் விடுவிப்பதுமாகக் கழிவதைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்கள், அங்கே முறுக்கிய கை முப்பதாவது நிமிடத்தில் பயன்படாமல் தொங்கும்போதுதான் விதை எங்கே போடப்பட்டது என்பதை உணர்வார்கள். ஆனால் விதை போட்டு முளைக்காத ஆட்டங்களும் நிறைய உண்டு. அவற்றில் அந்தப் பத்து நிமிடம் வெறும் தண்ணீர்தான்.

உங்கள் மூன்று ஆட்டங்களுக்கு வருகிறேன். மூன்றாவது ஆட்டம் ஏன் குறுகியது என்பதை ஜி1 தொடரின் புள்ளிக் கணக்கு தெரியாமல் புரிந்துகொள்ள முடியாது. வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி; நேர வரம்பு 30 நிமிடம். அந்த ஆண்டு 20 பேர், பத்துப் பத்துப் பேராக இரண்டு பிரிவு. கடைசி நாளுக்கு முன் ஒகாடாவிடம் 13 புள்ளி, ஒமேகாவிடம் 12. அந்த ஒற்றைப் புள்ளி எங்கிருந்து வந்தது? சில நாட்களுக்கு முன் மினோரு சுசுகியுடன் ஒகாடா 30 நிமிடம் முழுவதும் அடிவாங்கிச் சமன் செய்ததில் வந்தது. ஆகவே ஒமேகா ஜெயித்தே ஆகவேண்டும். ஒகாடாவுக்கு முப்பது நிமிடம் தாக்குப்பிடித்தாலே போதும். கழுத்தில் ஒட்டுப்பட்டையோடு வந்தவருடைய கழுத்தையே ஒமேகா குறிவைத்ததும், தொடக்கத்திலிருந்தே அவசரம் காட்டியதும் இதனால்தான். ஜூன் மாதத்தில் ஒரு மணி நேரம் போராடியும் கிடைக்காத வெற்றி, ஆகஸ்டில் கடிகாரம் எதிரியாக நிற்கும்போது கிடைக்கிறது. அந்த 24 நிமிடத்துக்குள் முந்தைய 106 நிமிடமும் கரைந்து கிடக்கிறது. உங்கள் சித்தப்பா மகன் அதைப் பார்த்திருக்கிறார். நீங்கள் 24 என்ற எண்ணைப் பார்த்திருக்கிறீர்கள்.

நீளத்தைப் போலவே இன்னொரு மயக்கமும் உண்டு. நடுவரின் கை மூன்றாம் முறை தரையைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்பாகத் தோளைத் தூக்கிவிடுவது. அது பத்து முறை நடந்தால் நாம் பத்து முறை எழுந்து உட்கார்கிறோம்; எழுந்து உட்கார்ந்ததற்கெல்லாம் கால் நட்சத்திரம் கூட்டிவிடுகிறோம். இந்த மயக்கம் தெளிய ஓர் ஆட்டத்தை மருந்தாகப் பரிந்துரைக்கிறேன். 2012 அக்டோபர் 8 அன்று ரியோகோக்கு அரங்கில் ஹிரோஷி தனஹாஷியும் மினோரு சுசுகியும் மோதியதைப் பாருங்கள். ஏறக்குறைய அரை மணி நேர ஆட்டத்தில், தோளைத் தரையில் பதித்து எண்ணவைக்கும் முயற்சி ஒரே ஒருமுறைதான் நடக்கிறது, அதுவே முடிவும். சுசுகி கையை உடைக்கப் பார்க்கிறார், தனஹாஷி காலை உடைக்கப் பார்க்கிறார், அவ்வளவுதான் கதை. ஆனால் இருக்கையைவிட்டு நகர முடியாது. அதற்கு அடுத்தபடியாக, 2013 ஆகஸ்ட் 4 அன்று ஒசாகாவில் தோமோஹிரோ இஷீயும் ஷிபாடாவும் மோதிய ஜி1 ஆட்டம். மொத்தமே பன்னிரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். அதற்கு உங்கள் நோட்டு என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். மூன்றே முக்கால் என்றால் நோட்டை அடுப்பில் போட்டுவிடலாம்.


மார்த்தாண்டம் இயன்முறை (மறுமொழி)

கோட்டைவாசல் ஐயா சொன்ன மெட்ரோலாக் உவமை மிகப் பொருத்தம். ஆனாலும் ஜூன் மாதத்து ஒரு மணி நேர ஆட்டத்தை ஐயாவும் உங்கள் சித்தப்பா மகனுமாகச் சேர்ந்து இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த ஆட்டத்தில் ஒமேகாவின் முடிவான பிடியாகிய ‘ஒன் விங்டு ஏஞ்சல்’ ஒகாடாவின்மேல் முதன்முறையாக விழுகிறது; ஜனவரியில் 46 நிமிடமும் முயன்று அவரால் போட முடியாமல் போனது அதுதான். எல்லாம் முடிந்தது என்று நாம் நினைக்கும்போது ஒகாடாவின் கால் கயிற்றின்மேல் கிடந்து, நடுவரின் எண்ணிக்கையை நிறுத்திவிடுகிறது. நினைவிருந்து வைத்த காலா, தற்செயலாக விழுந்த காலா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஒரு காலுக்காகவே நான் நாலே முக்காலுக்குக் கீழே இறங்க மாட்டேன்.

நான் இயன்முறை மருத்துவம் செய்கிறவள். எனவே என் கண் போகும் இடம் வேறு. அடிபட்ட உறுப்பை ஆட்டக்காரர் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கிறார் என்பதே என்னுடைய முதல் அளவுகோல். பத்து நிமிடம் முழங்காலில் அடிவாங்கியவர், பதினோராவது நிமிடத்தில் மூலைக் கம்பத்தின்மேல் துள்ளி ஏறினால், என் பேனா தானாகவே அரை நட்சத்திரத்தைக் கழித்துவிடும். முழங்கால் உட்பக்கத் தசைநார் இழுபட்டவர் நேராக நடப்பதில் அவ்வளவு தடுமாறமாட்டார். திரும்பும்போதும் ஒற்றைக் காலை ஊன்றி நிற்கும்போதும்தான் முகம் சுளிப்பார். இதை அறிந்து நடிப்பவர்கள் அங்கே சிலர் இருக்கிறார்கள். தனஹாஷி காலைத் திருகி வீழ்த்தும் ‘டிராகன் ஸ்க்ரூ’வுக்குப் பிறகு நல்ல எதிராளி ஒருவர் எழும் விதத்தைப் பாருங்கள், முதலில் கயிற்றைத்தான் தேடுவார், எதிரியை அல்ல.

கையளவு இடத்தில் ஓர் ஆட்டம் எப்படி முடியும் என்பதற்கு 2016 ஜனவரி 4 அன்று ஒகாடாவும் தனஹாஷியும் ஆடியதைக் காட்டுவேன். ஒகாடாவின் ‘ரெயின்மேக்கர்’ என்பது எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கமாகச் சுண்டியிழுத்து, மறு கையால் கழுத்தோடு அடிக்கும் அடி. அன்று கடைசிக் கட்டத்தில் இருவரும் தரையில் கிடக்கும்போதும் ஒகாடா அந்த மணிக்கட்டை விடவில்லை. கேமரா நெருங்கிப் போய் அந்தப் பிடியை மட்டும் காட்டுகிறது. முந்தைய ஆண்டு அதே மேடையில் தோற்று அழுதுகொண்டே வெளியேறியவர், இந்த முறை விட்டுவிட மாட்டார் என்பதற்கு வேறு வசனம் எதுவும் தேவைப்படவில்லை. பிடித்த கையாலேயே தூக்கி நிறுத்தி மறுபடியும் அடிக்கிறார். அந்த ஆட்டம் 36 நிமிடம் என்பது இதை எழுதும்போதுதான் என் நினைவுக்கு வருகிறது.

உடனே எழுதுவதா, ஒரு நாள் கழித்தா என்பதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டும். நான் ஆட்டம் முடிந்ததும் பென்சிலால் எழுதுவேன், மறுநாள் காலைப் பேருந்தில் போகும்போது நினைத்துப் பார்ப்பேன். களியக்காவிளை நிறுத்தம் வருவதற்குள் ஆட்டத்தின் மூன்று கட்டங்களை வரிசையாகச் சொல்ல முடியவில்லை என்றால் கால் நட்சத்திரத்தை அழித்துவிடுவேன்.

பார்வையாளர் ஓசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொற்றுக் காலத்தில் நிறுத்தப்பட்ட நிகழ்ச்சிகள் 2020 ஜூன் மாதம் மீண்டும் தொடங்கி, ஜூலையில் அரங்குக்குள் ஆட்களும் விடப்பட்டபோது, ரசிகர்கள் குரலெழுப்பக் கூடாது, கைதட்டலாம் என்ற விதி வந்து 2022 வரை நீடித்தது. அந்தக் கால ஆட்டங்களை வெறிச்சோடியவை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் 2020 டிசம்பர் 11 அன்று புடோகான் அரங்கில் ஹிரோமு தகாஹாஷியுடன் மோதிய எல் டெஸ்பராடோ, கிழிந்துபோன தன் முகமூடியைத் தானே கழற்றி எறிந்துவிட்டு வெறும் முகத்தோடு நிற்கும் கணத்தில், கத்தக் கூடாத அந்தக் கூட்டத்தின் வாயிலிருந்து தன்னை மீறி ஒரு மூச்சு வெளிப்படுகிறது. பத்தாயிரம் பேர் கத்தியிருந்தால் அந்த மூச்சு எனக்குக் கேட்டிருக்காது.

ஷிபாடா ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. மருத்துவமனையில் நான் தினமும் பார்ப்பது அதன் பின்கதையைத்தான்.


விளவங்கோடு சிலம்பு (மறுமொழி)

அக்கா எழுத மறுத்ததை நான் எழுத முயல்கிறேன். நான் ஆசானிடம் அடிமுறை பயில்கிறவன். எங்கள் மரபில் முதல் ஆண்டு முழுவதும் அடிப்பதைவிட எங்கே அடிக்கக் கூடாது என்பதைத்தான் சொல்லித் தருகிறார்கள். வர்மம் நூற்றெட்டு என்றும், அவற்றில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் பன்னிரண்டு என்றும் கணக்கு. நெற்றியில் புருவ மத்தியிலுள்ள திலர்த காலமும் உச்சியிலுள்ள கொண்டைக்கொல்லியும் அந்தப் பன்னிரண்டில் அடங்கும். தலையைக் கொண்டு தலையை மோதுவதைக் களரியில் ஒருவன் விளையாட்டாகச் செய்தால்கூட ஆசான் அன்றைக்கு அவனை வெளியே நிறுத்திவிடுவார்.

ஜப்பானிய ஆட்டத்தின் அடிகள் பெரும்பாலானவை அறிவோடு போடப்படுபவை என்பதையும் சொல்ல வேண்டும். மார்பில் உள்ளங்கையின் விளிம்பால் அறையும் அறை, அரங்கின் கடைசி வரிசைவரை கேட்கும். தோல் சிவந்து கன்றும். ஆனால் விழுவது பரந்த தசையின்மேல். விசை ஓரிடத்தில் குவியாமல் பரவிவிடுகிறது. முன்கையால் தாடையோரம் இடிப்பதும் அப்படித்தான், முழங்கையின் முனை படாமல் தசைப்பகுதி படுகிறது. வலி உண்மை, கேடு குறைவு. இதுதான் கலை. அங்கே பயிற்சிக் கூடத்தில் இளைஞர்களை நூற்றுக்கணக்கில் போடவைக்கும் உட்கார்ந்து எழும் பயிற்சிக்கு ‘ஹிந்து ஸ்குவாட்’ என்று பெயர், நம்முடைய பஸ்கிதான். அந்தோனியோ இனோக்கிக்குப் பயிற்சி கொடுத்த கார்ல் கோட்ச் கர்லாக்கட்டை சுற்றுவதிலும் பெரிய நம்பிக்கை வைத்திருந்தவர். 1972இல் இனோக்கி தொடங்கிய இந்த நியூ ஜப்பான் நிறுவனத்தின் அடித்தளத்தில் நம் பக்கத்துச் சரக்கும் கொஞ்சம் கிடக்கிறது என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வருவதுண்டு.

இப்போது ஷிபாடா. ஏப்ரல் 9 அன்று 38 நிமிட ஆட்டத்தின் பிற்பகுதியில், அவர் கையை இடையில் வைக்காமல், தலையைத் தளர்த்தாமல், நேராக ஒகாடாவின் தலையில் தன் தலையை மோதினார். ஓசை கேட்டதா? கட்டையில் கட்டை மோதிய ஓசை அது. சற்று நேரத்தில் அவருடைய நெற்றியிலிருந்து ஒரு மெல்லிய இரத்தக் கோடு மூக்கை நோக்கி இறங்குகிறது. ஆட்டம் தொடர்ந்தது, ஒகாடா வென்றார். ஷிபாடா உள்ளே போனதும் சரிந்து, மூளையுறைக்கடியில் இரத்தம் கட்டியதற்கு அவசர அறுவை நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜி1 இறுதி நாளில் அவர் ரிங்கின் நடுவில் வந்து, உயிரோடு இருக்கிறேன், அவ்வளவுதான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுபடியும் ஆட வந்தது 2021 அக்டோபரில், அதுவும் ஐந்து நிமிடக் காட்சி ஆட்டத்துக்கு.

அந்த ஆட்டத்தை என் ஆசானுக்குப் போனில் காட்டினேன். மோதும் கட்டம் வரும்வரை ரசித்துக்கொண்டிருந்தார். குறிப்பாக ஷிபாடா நிற்கும் நிலையை மிகவும் புகழ்ந்தார். மோதியதும் போனைத் திருப்பித் தந்துவிட்டு வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். என்னுடைய நிலைப்பாடு இதுதான்: அந்த ஒரு மோதலால் கூடிய நட்சத்திரம் எதுவோ அதைக் கழித்துவிட்டு, மீதி 38 நிமிடத்துக்கு எவ்வளவோ அவ்வளவு போடலாம். ஒருவர் தன் மூளையைக் கொடுத்து வாங்கியதற்கு நாம் மதிப்பெண் கொடுத்தால், அடுத்தவரும் அதையே கொடுக்கத் துணிவார். தலைகுப்புற விழும் பிடிகளை ஆண்டுக்கணக்கில் தாங்கிய மிட்சுஹாரு மிசாவா, 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில் ஆட்டத்தின் நடுவிலேயே விழுந்து இறந்தார். 1990களில் அவருடைய ஆட்டங்களுக்கு ஐந்து நட்சத்திரம் அள்ளிக் கொடுத்தவர்கள் எல்லாரும் அன்று என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் அவ்வப்போது எண்ணிப் பார்ப்பதுண்டு.


குளச்சல் மடி (மறுமொழி)

இவ்வளவு சிந்தித்துப் பார்த்தால் மீனில் முள்தான் மிஞ்சும் என்பது என் தாழ்மையான கருத்து. ஐந்து நட்சத்திரக் கணக்கை ஊரறியச் செய்த அமெரிக்க மல்யுத்தப் பத்திரிகையாளர் டேவ் மெல்ட்சரே ஒகாடா, ஒமேகா ஆட்டங்களுக்கு ஆறு, ஆறே கால், ஆறு என்று போட்டு, 2018 ஜூன் 9 அன்று நடந்த நான்காவது ஆட்டத்துக்கு ஏழு போட்டார். ஐந்துக்கு ஏழு கிடைக்கும் பள்ளிக்கூடத்தில் நான் படித்ததில்லை. படகு கரைசேர்ந்த அலுப்போடு பார்க்கும்போது தூக்கம் வராமல் செய்த ஆட்டம் நல்ல ஆட்டம், தூங்கிவிட்டால் இல்லை. இந்த முறையில் எனக்கு இதுவரை யாரோடும் சண்டை வந்ததில்லை.


கோட்டைவாசல் (மறுமொழி)

குளச்சல் தம்பி, மெல்ட்சர் ஐந்தைத் தாண்டியதில் எனக்கும் உடன்பாடில்லை, ஆனால் வேறு காரணத்துக்காக. உச்சவரம்பு இல்லாத அளவுகோலில் கீழே உள்ள எண்களெல்லாம் பொருளிழந்துபோகின்றன. நாலரை என்பது ஒரு காலத்தில் ஊர்கூடிப் பேசும் எண், இன்று அது ஏதோ குறையிருப்பதுபோல் ஒலிக்கிறது. மற்றபடி, தூக்கத்தை அளவுகோலாக வைத்தால் இளம் ஆட்டக்காரர்களின் முதல் ஆட்டம் எதுவும் தேறாது. கறுப்புக் கால்சட்டையும் கறுப்புக் காலணியுமாக, எல்லாரும் ஒன்றுபோல் நிற்கும் அந்தப் பையன்களுக்கு அலங்காரப் பிடிகளைக் காட்ட உரிமை இல்லை. முன்கை இடி, தூக்கி அறைதல், கடைசியில் காலை மடக்கி முதுகை வளைக்கும் ‘பாஸ்டன் கிராப்’, இவ்வளவுதான். கயிற்றை நோக்கி அவன் தவழும் அந்த நாலு அடி தூரத்தைப் பார்க்கத் தெரிந்தவன் பெரிய ஆட்டத்தையும் பார்க்கத் தெரிந்தவன். அவர்களுக்கு நான் எண் போடுவதில்லை. பெயரை மட்டும் குறித்துவைப்பேன்.

சிலம்புத் தம்பி சொன்ன கழித்தல் முறையில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. ஷிபாடா அப்படி மோதக்கூடியவர் என்ற அச்சம்தான் அந்த 38 நிமிடத்தையும் தாங்கி நிற்கிறது. தூணை எடுத்துவிட்டுக் கூரைக்கு மதிப்பெண் போட முடியுமா?


விளவங்கோடு சிலம்பு (மறுமொழி)

அச்சம் வேறு, மோதல் வேறு ஐயா. வாளை ஓங்கியவனைக் கண்டு அஞ்சுவதற்கு அவன் வெட்டியே ஆகவேண்டும் என்பதில்லை. ஓங்கிய கை நிற்கும் இடத்தில்தான் ஆட்டக்காரனின் திறமை. இதற்குமேல் இதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.


குலசேகரத்தான் (மறுமொழி)

அனைவருக்கும் மிக்க நன்றி. நோட்டை அடுப்பில் போடவில்லை. ஆனால் கோட்டைவாசல் ஐயாவிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இஷீ, ஷிபாடா ஆட்டத்துக்கு என் நோட்டில் இருந்தது மூன்றரை. மூன்றே முக்கால்கூட இல்லை.

நேற்று அதை மறுபடியும் பார்த்தேன். மணி அடித்த கணத்திலேயே ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து முன்கையால் இடித்துக்கொள்ளத் தொடங்குகிறார்கள். முதல் முறை பார்த்தபோது இதில் கதையே இல்லையே என்று நினைத்திருக்கிறேன். இந்த முறை இஷீயின் முகத்தை மட்டும் பார்த்தேன். அடிவாங்கிய பிறகு அவர் வலியைக் காட்டுவதில்லை. வலி வருவதற்கு ஒரு நொடி தாமதமாகிறது. அடிவிழுகிறது, எதுவும் நடக்காததுபோல் நிற்கிறார், பிறகு முழங்கால் மட்டும் மெல்ல மடிகிறது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர், தன்னைவிட உயரமானவரின் எதிரில் மடிந்த முழங்காலை மறுபடியும் நிமிர்த்துவதுதான் கதை என்று பிறகு பிடிபட்டது. பார்த்து முடித்தபோது என் தேநீர் ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது. நாலே முக்கால் போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் மாத ஆட்டத்துக்கு ஐந்தாகத் திருத்திவிட்டேன். அக்கா காட்டிய அந்தக் காலுக்காக ஜூன் மாத ஆட்டத்தைக் குறைக்க மனம் வரவில்லை. ஆனால் மறுநாள் வெட்டுக்குப் போகும்போது நினைத்துப் பார்த்ததில், இருபதாவது நிமிடத்திலிருந்து முப்பத்தைந்துவரை என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்காவின் பேருந்து விதிப்படி கால் நட்சத்திரம் போயிற்று. அவருடைய எண்ணிலேயே நானும் வந்து நிற்கிறேன்.

நோட்டில் இப்போது நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, நேரம் எழுதும் கட்டத்தை மறைப்பதுபோல் பழைய காலண்டர் அட்டையை வைத்துக்கொள்கிறேன். எண்ணை எழுதி முடித்த பிறகுதான் ஆட்டத்தின் நீளத்தைத் தேடி எழுதுகிறேன். ஷிபாடா ஆட்டத்துக்கு நேராக, கிழிந்த இடத்தின்மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, அதைக் காலியாக விட்டிருக்கிறேன். ஐயா சொல்வதும் சரி, சிலம்புத் தம்பி சொல்வதும் சரி என்று தோன்றும்போது எண் எழுதக் கை வரவில்லை.

டோக்கியோ டோம் ஆட்டம் மட்டும் மிச்சம். ஒமேகா கயிற்றுக்கு மேலாகப் பறந்து வெளியே கிடந்த மேசையை உடைத்துக்கொண்டு விழுந்ததற்காக நான் ஐந்து போட்டேனா, இல்லை அதற்குப் பிறகு நடந்ததற்காகவா என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெட்டு இல்லை. தம்பி கருங்கலிலிருந்து வருகிறான். போனின் அடிப்பகுதியில் ஓடும் நேரத்தை மறைக்க ஒரு துண்டு ஒட்டுப்பட்டை வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.